கிளப் டென்னிஸ் போட்டிக்குப் பந்து தேர்ந்தெடுப்பது: முதல் டப்பாவிலிருந்து கடைசி செட் வரை

கிளப் போட்டியை நடத்தும் பொறுப்பு முதன்முதலாக என் தலையில் விழுந்த வருஷம், பந்தைப் பற்றி நான் ஐந்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. டிரா போடுவது (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்), கோர்ட் நேரம் ஒதுக்குவது, நடுவர் தேடுவது என்று அதிலேயே மூச்சு முட்டியது. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பன்னிரண்டு டப்பா வாங்கி அலமாரியில் அடுக்கினேன். அரையிறுதி வந்தபோது ஒரே ஒரு டப்பாதான் மிச்சம். கடையில் அந்த ரகம் தீர்ந்திருந்தது. கிடைத்த வேறொன்றை வாங்கி வந்தோம். ஒரு அரையிறுதி பழைய ரகத்தில் நடந்தது, இன்னொன்று புது ரகத்தில். இறுதி ஆட்டமும் புது ரகத்தில்தான். முதல் செட்டில் 1-6 என்று தோற்றவர் பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “சார், இது நேத்து நான் ஆடின பந்தே இல்ல.” அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எதிராளிக்கு மட்டும் அந்தப் பந்து ஒரு நாள் முன்பே பழகியிருந்தது.

இரண்டு ரகமும் நல்ல ரகம்தான். தரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் போட்டிப் பந்தில் முதலில் பார்க்க வேண்டியது தரத்தை அல்ல. எல்லாருக்கும் ஒரே பந்தா, முதல் கேமில் இருந்த குணம் பதினைந்தாவது கேமிலும் இருக்கிறதா, முதல் நாள் வாங்கியதும் கடைசி நாள் திறப்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: தரையிலிருந்து தொடங்குங்கள்

பந்தின் ஆயுளைத் தரைதான் தீர்மானிக்கிறது. சொரசொரப்பான ஹார்ட் கோர்ட் உப்புத்தாள் மாதிரி. பந்தின் மேலிருக்கும் ஃபெல்ட் துணியைத் தேய்த்துத் தின்றுவிடும். களிமண் தரையில் தேய்மானம் அவ்வளவு இல்லை, ஆனால் மண்துகள் ஃபெல்ட்டுக்குள் புகுந்து பந்தைக் கனமாக்கும். ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். புல்தரையில் பனி ஈரமும் பச்சைக் கறையும் ஏறும்.

இதற்காகத்தான் ஃபெல்ட் இரண்டு விதமாக வருகிறது. எக்ஸ்ட்ரா டியூட்டி என்று டப்பாவில் போட்டிருந்தால் துணி தடிமன், ஹார்ட் கோர்ட்டுக்கு ஏற்றது. ரெகுலர் டியூட்டியில் துணி மெல்லியது, நெசவு இறுக்கமானது. மண் அதிகம் பிடிக்காது என்பதால் களிமண்ணுக்கும் உள்ளரங்கத்துக்கும் பொருந்தும். மாற்றிப் போட்டால் உடனே தெரியும். ஹார்ட் கோர்ட்டில் ரெகுலர் டியூட்டி ஒரு செட்டுக்குள் மொட்டையாகிப் பறக்க ஆரம்பிக்கும். களிமண்ணில் எக்ஸ்ட்ரா டியூட்டி புசுபுசுவென்று ஊதி, ஓங்கி அடித்தாலும் நகர மறுக்கும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். யுஎஸ் ஓபனில் 2022 வரை ஆண்களுக்கு எக்ஸ்ட்ரா டியூட்டி, பெண்களுக்கு ரெகுலர் டியூட்டி. அந்தப் பந்து கட்டுக்கு அடங்காமல் பறக்கிறது என்று அந்த வருஷம் போலந்து வீராங்கனை இகா ஷ்வியான்டெக் வெளிப்படையாகவே குறைப்பட்டார். 2023-இல் பெண்களுக்கும் எக்ஸ்ட்ரா டியூட்டியாக மாற்றினார்கள். அளவும் எடையும் ஒன்றுதான், துணி மட்டும்தான் வேறு. அந்த அளவில் ஆடுபவர்களுக்கே அத்தனை வித்தியாசம் தெரிகிறது.

உங்கள் கோர்ட் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். 1,219 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் சாதாரணப் பந்து துள்ளிக் குதிக்கும். அதற்கென்று துள்ளல் குறைத்த உயர்நிலப் பந்தை விதிகள் அனுமதிக்கின்றன. பிரஷர் இல்லாத பந்தையும் (உள்ளே காற்றழுத்தம் அடைக்காதது) அங்கே பயன்படுத்தலாம். ஆனால் அது போட்டி நடக்கும் அந்த உயரத்திலேயே 60 நாளாவது இருந்து பழகியிருக்க வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

படி 2: பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

டென்னிஸ் விதிப்படி நடக்கும் போட்டி என்றால், பந்து சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் வருஷாவருஷம் புதுப்பிக்கப்படும். கம்பெனி பெயரை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரே கம்பெனியின் ஒரு ரகம் பட்டியலில் இருக்கும், பயிற்சிக்கான மலிவு ரகம் இருக்காது. டப்பாவில் உள்ள முழுப் பெயரையும் ஒப்பிட வேண்டும்.

விதிகள் பந்தை வகை பிரித்திருக்கின்றன. வகை 1 வேகமானது, மெதுவான தரைக்கு. வகை 3 அளவில் பெரியது, வேகமான தரைக்கு. கடைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வகை 2. அதன் எடை 56.0 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 செ.மீ. 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். இந்த எல்லைக்குள் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கவனியுங்கள். துள்ளலில் மட்டும் 12 செ.மீ. ஆகவே, பட்டியலில் உள்ள இரண்டு ரகங்கள் உங்கள் கையில் இரண்டு வேறு பந்துகளாகவே தோன்றலாம். என் இறுதி ஆட்டத்தில் நடந்தது அதுதான்.

பெரிய போட்டியில் எது ஓடுகிறது என்று பார்த்து வாங்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. விம்பிள்டனில் 1902 முதல் ஸ்லாசெஞ்சர், ஆஸ்திரேலிய ஓபனில் 2019 முதல் டன்லப், பிரெஞ்சு ஓபனில் 2020 முதல் வில்சன். தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு எல்லாமே அழகுதான். ஆனால் அங்கெல்லாம் சில கேமுக்கு ஒருமுறை புதுப்பந்து வந்துகொண்டே இருக்கும். நம் கிளப்பில் மூன்று பந்தை வைத்து இரண்டு செட் ஓட்ட வேண்டும். அங்கே நன்றாக இருப்பது இங்கே இரண்டாம் செட்டிலும் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பிரஷர் இல்லாத பந்து பற்றி அடிக்கடி கேட்பார்கள், “மாசக்கணக்கா வருமே” என்று. வரும். உள்ளே அடைத்த காற்றை நம்பாமல் தடித்த ரப்பரை நம்பித் துள்ளுவதால் காற்று இறங்கும் பிரச்சினை இல்லை. பயிற்சிக் கூடைக்கும் பந்து எறியும் இயந்திரத்துக்கும் அருமையான பொருள். போட்டியில் வைத்தால் கட்டையை அடிப்பது போல் இருக்கிறது, தோள் வலிக்கிறது என்று முணுமுணுப்பார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். போட்டிக்கு வாங்குவதில்லை.

படி 3: மூன்று ரகத்தை எடுத்துச் சுவரோரம் சோதியுங்கள்

எல்லாவற்றையும் வாங்கிச் சோதிக்க முடியாது. பட்டியலில் இருப்பதில், உங்கள் தரைக்கு ஏற்றதில், தொடர்ந்து கிடைக்கக்கூடியதில் மூன்று ரகம் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு டப்பா.

திறக்கும் முன் டப்பாவின் வயிற்றை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். டப்பாவுக்குள்ளும் பந்துக்குள் இருக்கும் அளவு காற்றழுத்தம் அடைத்திருப்பார்கள். அதனால்தான் மூடியிருக்கும்வரை பந்திலிருந்து காற்று வெளியேறாது. விரலுக்கு டப்பா அமுங்கினால் எங்கோ கசிந்திருக்கிறது. திறக்கும்போது ‘புஸ்’ என்ற சத்தம் வர வேண்டும். அது வரவில்லை என்றால் அந்த டப்பாவைச் சோதனையில் சேர்க்காதீர்கள், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ஒரே ரகத்தில் இரண்டு டப்பா அப்படி வந்தால், அங்கே சரக்கு ரொம்ப நாளாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

சமையலறைத் தராசில் எடை பாருங்கள். மொத்த எடையைவிட ஒரே டப்பாவுக்குள் இருக்கும் மூன்று பந்துக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அடுத்து துள்ளல். சிமெண்ட் தரையில் சுவரோரம் அளவு டேப்பை ஒட்டி, 254 செ.மீ.யில் ஒரு கோடு போடுங்கள். பந்தின் அடிப்பகுதி அந்தக் கோட்டில் இருக்க வேண்டும், நடுப்பகுதி அல்ல. விடுபவர் தள்ளக் கூடாது, விரலைத் திறந்து விட்டால் போதும். இன்னொருவர் எதிரே உட்கார்ந்து மொபைலில் ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். கண்ணால் படிப்பது சரியாக வராது, இரண்டு பேர் மூன்று விடை சொல்வார்கள். எழும்பும் உயரத்தையும் பந்தின் அடியை வைத்தே படிக்க வேண்டும். புத்தம்புதுப் பந்தை அப்படியே போடாதீர்கள். ஆய்வகத்திலேயே சோதனைக்கு முன் பந்தை எல்லாப் பக்கமும் அமுக்கி இளக்குவார்கள். நீங்கள் இரண்டு நிமிஷம் தட்டி ஆடிவிட்டு வந்தால் போதும்.

ஆய்வகச் சோதனை கட்டுப்படுத்திய வெப்பநிலையில் நடப்பது. உங்கள் சுவரோரம் அப்படி இருக்காது. எனவே கிடைத்த எண்ணை வைத்து ஒரு கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே நாள், ஒரே இடம், ஒரே கை என்றால் மூன்று ரகத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படி 4: பெயரை மறைத்து ஆட விடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

டென்னிஸ் ஆடுபவர்களுக்குப் பந்துக் கம்பெனி மேல் இருக்கும் பிடிப்பு விசித்திரமானது. கையில் வாங்கி எழுத்தைப் படித்தவுடனே “இது சரியில்லை” என்று தீர்ப்பு வந்துவிடும். ஆகவே கறுப்பு மார்க்கர் எடுத்து எழுத்தையும் எண்ணையும் முழுவதும் அழியுங்கள். முதல் ரகத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. எது எது என்ற குறிப்பு ஆடாத ஒருவரிடம் இருக்கட்டும். டப்பாவையும் கண்ணில் காட்டக் கூடாது. எங்கள் முதல் சோதனையில் குப்பைக்கூடையில் கிடந்த மூடியைப் பார்த்தே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஆடுபவர்களையும் கலந்து எடுங்கள். பலமாக அடிக்கும் ஒருவர், சுழற்றி அடிக்கும் ஒருவர், இரட்டையர் மட்டும் ஆடும் மூத்த உறுப்பினர் ஒருவர், ஆட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனவர் ஒருவர். கிளப்பின் முதல் நான்கு பேரை மட்டும் வைத்துச் சோதித்தால் அந்த நான்கு பேருக்கான பந்துதான் கிடைக்கும்.

ஒவ்வொரு ரகத்திலும் குறைந்தது பதினாறு கேம். சும்மா ரேலி அடிப்பது உதவாது, செர்வோடு எண்ணி ஆட வேண்டும். இரண்டாவது, எட்டாவது, பதினாறாவது கேம் முடிந்ததும் நிறுத்தி, நாலு கேள்விக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண். துள்ளல் எப்படி? வேகம் எப்படி? பார்க்கத் தெளிவாக இருக்கிறதா? கைக்குச் சுகமா? ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்க வேண்டாம். குழுவாக உட்கார்ந்து பேசினால் சத்தமாகப் பேசுபவர் சொன்னதே எல்லாருடைய கருத்தாகிவிடும்.

பதினாறு கேம் ஏன்? பந்து ஒரு வாழ்க்கையே வாழ்கிறது. முதல் சில கேமில் ஃபெல்ட்டின் ரோமம் எழுந்து, பந்து பெரிதாகி, வேகம் குறையும். பிறகு ரோமம் உதிர்ந்து வழுக்கையாகும், காற்றில் வேகம் கூடும். அதே நேரம் உள்ளே அழுத்தமும் தளரத் தொடங்கும். சில ரகம் இந்த மாற்றத்தை மெதுவாகக் கடக்கும். சிலது ஆறாவது கேமில் திடீரென்று வேறு பந்தாகிவிடும். செர்வ் போடுபவர் மூன்று பந்தையும் வாங்கிப் பார்த்து, ரோமம் குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவார் இல்லையா, அவர் அதிக நேரம் தேட வேண்டியிருக்கிறது என்றால் மூன்று பந்தும் மூன்று விதமாகத் தேய்கின்றன என்று பொருள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்த கையோடு மறுபடியும் சுவரோரம் வாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு ரகம் 144-இல் தொடங்கி 133-க்கு இறங்கியிருக்கிறது, இன்னொன்று 139-இல் தொடங்கி 136-இல் நிற்கிறது என்று வையுங்கள். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மதிப்பெண் தாளிலும் அதே பார்வை: இரண்டாவது கேமில் ஐந்து வாங்கிப் பதினாறாவது கேமில் இரண்டுக்கு விழுந்ததைவிட, முழுக்க நாலிலேயே நின்றது மேல்.

படி 5: எண்ணிக்கை, ஒரே தவணையில்

நாக்-அவுட் என்றால் ஆட்டக்காரர் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. 32 பேர், 31 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு புது டப்பா என்றால் 31. மூன்றாவது செட்டுக்குப் புதுப்பந்து கொடுப்பதாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் அதுவரை போகும் என்று வைத்து 10 சேருங்கள். தொலைவது, கிழிவது, கசிந்த டப்பா இவற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு. மொத்தம் 45-ஐத் தாண்டும். 24 டப்பா கொண்ட பெட்டி இரண்டு வாங்கினால் 48, கணக்கு சரி. லீக் என்றால் எட்டு அணிக்கு 28 மோதல். அதை ஒரு மோதலில் உள்ள ஆட்டங்களால் பெருக்குங்கள்.

மொத்தத்தையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வாங்குங்கள். பெட்டிகளில் தொகுதி எண் இருந்தால் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். “இப்ப பாதி, அப்புறம் பாதி” என்பதுதான் என்னை அந்த இறுதி ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

மூன்று பந்தா, நான்கா என்ற கேள்வியும் வரும். பந்து பொறுக்கிக் கொடுக்க ஆள் இல்லாத கோர்ட்டில் நான்கு வசதி. ஒவ்வொரு பந்தும் வாங்கும் அடியும் குறையும், கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். எதுவானாலும் எல்லா ஆட்டத்துக்கும் அதுவே.

படி 6: போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்

எத்தனை பந்து, எப்போது மாற்றம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது விதி. 2, 3, 4 அல்லது 6 பந்து வைத்து ஆடலாம். ஒற்றைப்படை எண்ணிக்கையான கேமுக்கு ஒருமுறை மாற்றலாம், அல்லது செட் தொடக்கத்தில் மாற்றலாம். கேம் கணக்கில் போனால் முதல் மாற்றம் மட்டும் இரண்டு கேம் முன்னதாக வரும். ஏழு, பிறகு ஒன்பது ஒன்பதாக என்பது அப்படி வந்ததுதான். வார்ம்-அப்பில் பந்து வாங்கிய அடிக்கு அந்த இரண்டு கேம் ஈடு. டைபிரேக் (செட் சமநிலையில் நின்றால் அதை முடிக்க ஆடுவது) ஒரு கேமாகவே எண்ணப்படும். டைபிரேக் தொடங்கும் நேரத்தில் மாற்றம் விழுந்தால், அடுத்த செட்டின் இரண்டாவது கேம்வரை தள்ளிப்போட வேண்டும். கிளப் அளவில் நான் இதில் இறங்குவதில்லை. நடுவர் இல்லாத கோர்ட்டில் கேம் எண்ணுவதிலேயே சண்டை வரும். நான் எழுதுவது இவ்வளவுதான்:

“பந்து: இன்ன கம்பெனி, இன்ன ரகம். ஆட்டத்துக்கு 3 புதுப்பந்து. மூன்றாவது செட் முழுதாக ஆடினால் 3 புதுப்பந்து. அதற்குப் பதில் 10 பாயிண்ட் டைபிரேக் என்றால் அதே பந்து தொடரும்.”

பந்து உடைந்துவிட்டால் அந்தப் பாயிண்டை மறுபடி ஆட வேண்டும் என்பதும், பந்து வெறுமனே காற்றிறங்கியிருந்தால் பாயிண்ட் செல்லும் என்பதும் விதியில் இருக்கிறது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தோற்ற பாயிண்டுக்குப் பிறகு பந்தை அமுக்கிக் காட்டி “செத்த பந்து, ரீப்ளே” என்று கேட்பவர் எல்லாக் கிளப்பிலும் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு இரண்டு பேர்.

படி 7: சிறுவர்களுக்குத் தனிப் பெட்டி

10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான போட்டியில் சாதாரண மஞ்சள் பந்து 2012 முதல் விதிப்படி செல்லாது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று நிலைகள். சிவப்பு சின்னக் கோர்ட்டுக்கு, துள்ளல் 90 முதல் 105 செ.மீ. தான். ஆரஞ்சு நடுத்தரக் கோர்ட்டுக்கு, 105 முதல் 120. பச்சை முழுக் கோர்ட்டுக்கு, 120 முதல் 135. சாதாரணப் பந்து அந்த உயரத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் எழும்பும். பின்னாலேயே ஓடி ஓடி, தலைக்கு மேலே மட்டையைத் தூக்கி அடிக்கும் பழக்கம்தான் வரும்.

பச்சைப் புள்ளிப் பந்தைப் பெரியவர்களின் கிளப் போட்டியிலும் பயன்படுத்தத் தடையில்லை. உலகத் தரவரிசைப் போட்டிகளுக்குத்தான் அது ஆகாது. புதிதாக ஆட வந்தவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு நடத்தினால் யோசித்துப் பாருங்கள், ரேலி நீளும். சக்கர நாற்காலி டென்னிஸுக்கு வேறு பந்து தேடாதீர்கள், இரண்டு துள்ளல் அனுமதி உண்டே தவிரப் பந்து அதேதான்.

படி 8: போட்டி நாட்களில்

பெட்டியைக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எடுத்தவுடன் ஆடினால் பந்து எகிறும். குளிரில் கிடந்தது சோம்பி எழும்பும். வீட்டுக்குள், அறை வெப்பத்தில் வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் கொண்டுவாருங்கள். டப்பாவை முன்கூட்டியே திறந்து அடுக்கவும் கூடாது. திறந்த நிமிஷத்திலிருந்து காற்று இறங்கத் தொடங்கும். மழையால் நின்ற ஆட்டத்தின் பந்தை மூன்று நாள் கழித்து எடுத்து “புதுசுதான், நாலு கேம்தான் ஆடினது” என்று சொல்ல முடியாது.

பந்தில் கம்பெனி பெயருக்குக் கீழே இருக்கும் 1, 2, 3, 4 எண்கள் தரத்தையோ வேகத்தையோ குறிப்பவை அல்ல, வெறும் அடையாளம். அதை நமக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுக்கு வேறு வேறு எண்ணுள்ள டப்பாவைக் கொடுங்கள். வேலி தாண்டி உருண்டு வந்த பந்து யாருடையது என்ற பேச்சே எழாது.

பந்து தொலைந்தால்? வார்ம்-அப்பிலோ புதுப்பந்து வந்த முதல் இரண்டு கேமுக்குள்ளோ என்றால் புதுசு. அதற்குப் பிறகு என்றால் ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த ஒன்று. இதற்காக, முடிந்த ஆட்டங்களின் பந்துகளை ஒரு செட் ஆடியது, இரண்டு செட் ஆடியது என்று இரண்டு பையில் பிரித்து வைத்திருப்பேன். மிச்சமெல்லாம் பயிற்சிக் கூடைக்கு.

இறுதி ஆட்டத்துக்கான மூன்று டப்பாவை முதல் நாளே பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக என் வீட்டில் வைத்துவிடுவேன். ஒன்று தொடக்கத்துக்கு, ஒன்று மூன்றாவது செட்டுக்கு, ஒன்று உபரி. அன்று கோர்ட்டில் இரண்டு பேரையும் வலைக்குப் பக்கத்தில் வரச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே மூடியை இழுப்பேன். ‘புஸ்’ சத்தம் இரண்டு பேர் காதிலும் விழும். ஒருவர் ஒரு பந்தை எடுத்து அமுக்கிப் பார்ப்பார், மற்றவரும் பார்ப்பார். பிறகு டாஸ் போடுவோம்.